கற்பித்தல் என்பது யாது? ஊர்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பாடம்

ஆசிரியப் பணி அறப்பணி என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாளன்று ஆசிரியப் பெருமக்களுக்கு மாலை சூட்டி மகிழ்கின்றோம். இவை வேண்டியவையே. ஆயினும், அறப்பணி என்று சொல்லிவிட்ட அளவில், நாளைக் காலை முதற் பாடவேளையில் மூன்றாம் வகுப்பிலே தரையில் அமர்ந்திருக்கும் இருபத்தைந்து குழந்தைகளிடையே ஆசிரியர் என்ன செய்யவேண்டும் என்பது விளங்கிவிடாது. அதனை விளக்குவது வேறொன்று. கற்பித்தல் என்னும் சொல்லுக்கு அவ்வாசிரியர் தம் உள்ளத்தில் என்ன பொருள் கொண்டிருக்கின்றாரோ, அப்பொருளே அவர் கரும்பலகைமுன் நிற்கும் முறையையும், கேட்கும் வினாவையும், தவறான விடையைக் கண்டவுடன் அவர் முகத்தில் தோன்றும் குறிப்பையும் ஆளுகின்றது. பாடநூல் மாறலாம், சுற்றறிக்கைகள் வரலாம், பயிற்சி முகாம்கள் நடைபெறலாம். உள்ளத்தில் உறைந்த பொருள் மாறாதவரை வகுப்பறை மாறுவதில்லை. ஆதலின் அப்பொருளை எடுத்துவைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலில் சொல்லையே பார்ப்போம். இலக்கண முறைப்படி 'கற்பித்தல்' என்பது பிறவினை. கற்கச் செய்தல் என்பது அதன் பொருள். உண்பித்தல் என்னும் சொல்லைப்போன்றது அது. குழந்தை உண்ணாதபோது, "நான் உண்பித்துவிட்டேன், அதுதான் உண்ணவில்லை" என்று எந்தத் தாயும் கூறமாட்டாள். ஆனால், "நான் பாடத்தை நடத்தி முடித்துவிட்டேன், பிள்ளைகளுக்குத்தான் ஏறவில்லை" என்று நம்மில் எத்தனையோ பேர் ஆண்டாய்வின்போது கூசாமல் கூறியிருக்கின்றோம். இதற்குக் காரணம் நாம் நாள்தோறும் வழங்கும் வேறு இரண்டு சொற்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஒன்று, 'சொல்லிக்கொடுத்தல்'. சொன்னாலே கொடுத்ததாகிவிடும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. மற்றொன்று, 'பாடம் எடுத்தல்'. இதில் பிள்ளை எங்குமே இல்லை. எடுப்பவரும் பாடமுமே இருக்கின்றனர்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று என்பதை ஒரு கணக்கினால் காட்டுகின்றேன்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிவந்தான். நான் குறுக்குக்கோடு இட்டு, சரியான விடையாகிய 25ஐச் சிவப்பு மையில் எழுதி, "மேலே சின்னது, கீழே பெரியது, பக்கத்து வீட்டிலே கடன் வாங்கு" என்று முறையை மீண்டும் ஒருமுறை சொன்னேன். மறுநாள் 63இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னேன். மறுபடியும் 35 என்றே எழுதினான். முறையை இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் திட்டினேன். நான்காம் நாள், அவனுக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டி, அடுத்த பையனிடம் சென்றுவிட்டேன். அப்போதைய என் கருத்தில் கற்பித்தல் என்பது முறையைப் பிழையின்றி எடுத்துச் சொல்வது. நான் பிழையின்றித்தான் சொன்னேன். ஆகவே குறை அவனுடையது.

பல திங்கள் கழித்து, ஏதோ ஒரு நாளில், கோபம் இல்லாத வேளையில், "இதை எப்படியப்பா போட்டாய்?" என்று கேட்டேன். "பெரிசிலேயிருந்துதானே சார் சிறிசைக் கழிக்கணும்? நீங்கதானே சொன்னீங்க" என்றான் அவன். உண்மைதான். ஒன்றாம் வகுப்பில் அவனுக்கு அதைச் சொன்னவன் நானே. எங்கள் பள்ளி இரண்டு ஆசிரியர்களைக் கொண்ட பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. 2இலிருந்து 7 போகாதென்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கின்றான். 5இலிருந்து 2ஐக் கழித்து 3. விடை 35. அவன் என் சொல்லை மீறியவன் அல்லன். எழுத்துக்கு எழுத்து என் சொல்லைக் காத்தவன். அப்பிள்ளையைத்தான் நான் திட்டினேன்.

பின்னர்த் தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக வாழைநாரினால் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன்னே வைத்து, "இதில் எனக்கு 27 தா" என்றேன். உதிரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நான் வாய்திறக்கவில்லை. சற்றுநேரத்தில் ஒரு கட்டைத் தானே அவிழ்த்தான். பன்னிரண்டில் ஏழு தந்தான். நான்கு கட்டில் இரண்டு தந்தான். எஞ்சிய இரண்டு கட்டையும் ஐந்து உதிரியையும் எண்ணிப் பார்த்துவிட்டு, சிலேட்டை எடுத்து 35ஐ அழித்தான். நான் அழிக்கச் சொல்லவில்லை.

இங்கே ஒரு சிறு செய்தியைக் குறிப்பிடவேண்டும். 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லும் சொல்லே குழந்தையைக் குழப்பக்கூடியது. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும் என்பது கிராமத்துப் பிள்ளைக்கு நன்கு தெரியும். இக்கணக்கில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. இங்கே நிகழ்வது கட்டை அவிழ்த்தல், அல்லது சில்லறை மாற்றுதல். தாயாரின் இட்லிக் கடையில் பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக்கிப் பழகிய பிள்ளைக்கு 'மாற்றுதல்' என்றால் உடனே புரிகின்றது. வாய்ப்புள்ளவர்கள் சொல்லை மாற்றிப் பார்க்கலாம்.

இத்தகைய பிழைகள் கவனக்குறைவினால் நேர்வன அல்ல என்பதை ஆராய்ச்சியாளரும் கண்டுள்ளனர். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கழித்தலில் மாணவர் செய்யும் பிழைகளைத் தொகுத்து, அவற்றுள் பல, ஒரு தவறான முறையை மாணவர் ஒழுங்காகப் பின்பற்றுவதனால் விளைவன என்று காட்டினர். முறை தவறு, பின்பற்றுதல் தவறன்று. இதனை உணர்ந்த ஆசிரியருக்குத் தவறான விடை என்பது குற்றப்பத்திரிகை ஆகாது. குழந்தையின் எண்ணம் ஓடிய தடம் அது.

மற்றுமோர் எடுத்துக்காட்டு. நூற்றைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் 1005 என்று எழுதுவர். நூறும் ஐந்தும் காதில் விழுகின்றன. 100ஐயும் 5ஐயும் அடுத்தடுத்து எழுதிவிடுகின்றனர். இது மடமையன்று. நம் பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. நூற்றைந்தை நூற்றின் குறியையும் ஐந்தின் குறியையும் அடுத்தடுத்து இட்டு, ௱௫ என்றே எழுதினர் நம் முன்னோர். அக்குழந்தை தானறியாமலே பாட்டனாரின் வழியில் நடக்கின்றது! இடமதிப்பு என்பது மனித குலம் நெடுங்காலம் முயன்று கண்ட கருத்து. ஒரு பிற்பகலில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கைவந்துவிடவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கற்பித்தலின் இயல்பைப்பற்றிய சிந்தனை மேல்நாட்டிலிருந்து நேற்று வந்ததென்று எண்ணவேண்டா. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியனைப்பற்றியே பேசுகின்றது. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகின்றது. ஆசிரியர் ஆகத் தகாதவர்க்குக் கூறும் உவமைகள் இவற்றினும் கூர்மையானவை. கழற்காய் பெய்த குடம் முதலாவது. போட்ட முறையில் அது தராது. கவிழ்த்தால் முன்பின் மாறி எல்லாம் ஒருசேரக் கொட்டும். மடற்பனை அடுத்தது, அதுவாகத் தந்தால்தான் உண்டு, நாம் அணுகிப் பெற இயலாது. பஞ்சு அடைத்த குண்டிகை மூன்றாவது. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. நான்காவது முடத்தெங்கு, நீர் வார்த்தவனை விட்டு அயலானுக்குக் காய் தருவது. இந்நான்கினையும் படிக்குந்தோறும், எந்த ஆண்டில் நான் எதுவாக இருந்தேன் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. கழற்குடமாகப் பல ஆண்டுகள் இருந்திருக்கின்றேன்.

அதே பாயிரம் மற்றொன்றையும் கூறுகின்றது. ஆசிரியன் உரைத்ததை மாணவன் நன்றாகவே கேட்டுக்கொண்டாலும், அதனால் அவன் பெறுவது புலமையில் கால்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால்பங்கு வரும். எஞ்சிய இரு கால்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் வரும். ஆசிரியர் வாயிலிருந்து வருவது நாலில் ஒன்றே என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்ட மொழி நம்முடையது. நம் வகுப்பறைகளிலோ நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம் ஆசிரியர் குரலே கேட்கின்றது.

ஆயினும் நன்னூலாரோடு நான் ஓரிடத்தில் உடன்படத் தயங்குகின்றேன். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று தரம்பிரித்துத் தலை, இடை, கடை என வரிசைப்படுத்துகின்றார் அவர். இலக்கணம் கற்க முதிர்ந்த பருவத்தில் தேடிவரும் மாணவர்க்கு அது பொருந்தலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதனைப் பொருத்தினால், ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவைக் குழந்தையின் தலையில் ஏற்றிவிடுகின்றோம். குடத்தில் ஓட்டையா, ஊற்றிய கை தவறிற்றா என்பது பார்க்கப்படுவதே இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப்பற்றியும் ஒரு சொல். மணலில் விரலால் எழுத்திட்டு, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பயின்றனர் பிள்ளைகள். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குச் சொல்லித்தந்தான். எண்சுவடியில் முந்திரி, காணி, மா, கால், அரை என்னும் கீழ்வாய் எண்கள் மனப்பாடமாயின. நோக்கத்தில் ஐயமே இல்லை. நிலத்தையும் நெல்லையும் அளக்கவும், ஓலை படிக்கவும், ஏமாறாதிருக்கவும் வேண்டிய கல்வி அது. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின்படி, 1 கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆசிரியரின் வருவாய் பெரும்பாலும் திங்களுக்கு ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை என்றும், தக்கவர் அத்தொழிலுக்கு வர அது போதாதென்றும் 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மன்றோ எழுதினார். அத்திண்ணைகளில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோரின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. பழம்பெருமை பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மணலில் எழுதிய அப்பிள்ளைகளைச் சென்னையில் கண்டவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். எழும்பூரில் 1789ஆம் ஆண்டு முதல் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்றிருந்த அவர், மணலெழுத்தையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே புகுத்தி, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. திண்ணையில், அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோல் ஒருவன் மற்றொருவனுக்குச் சொன்னான். அங்கேயோ, ஒரே ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப்பிள்ளைகளைக் குறைந்த செலவில் பயிற்றும் கருவியாக அது மாறிற்று. செயல் ஒன்றே, அதன் பின்னிருந்த கருத்து வேறு, ஆதலின் பயனும் வேறாயிற்று.

பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வில் தேறிய மாணவர் கணக்குப்படி பள்ளிக்கு மானியம் வழங்கும் முறை நம் மாகாணத்தில் வந்தது. பரிசோதகர் வரும் நாளில் பிள்ளைகள் ஒப்பித்தால் ஆசிரியர் வீட்டில் உலை கொதிக்கும். அம்முறை மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் 'அதிகாரி வரும்போது பிள்ளைகள் சொல்லவேண்டும்' என்னும் அச்சம் இன்னும் நம் எலும்பில் இருக்கின்றது. 1937ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க விழைந்தது. நல்ல ஆசிரியர் கையில் தக்ளியின் நூல், நீளம், எடை, விலை, பருத்தி விளையும் மண் என்று விரிந்து கல்வியாயிற்று. மற்ற இடங்களில் தக்ளி ஒரு பாடவேளை ஆயிற்று. மணி அடித்ததும் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழையபடி ஒப்பித்தலைத் தொடர்ந்தனர்.

இதே கதை நம் காலத்திலும் நிகழ்ந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செயல்வழிக் கற்றல் 2007-08ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. ஏணிப்படிகளும், அட்டைகளும், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் சுவரெங்கும் தாழ்கரும்பலகைகளும் வந்தன. அட்டையை எடுப்பது குழந்தை, தன் வேகத்தில் ஏறுவது குழந்தை, அருகமர்ந்து பார்ப்பவர் ஆசிரியர் என்பது அதன் உட்கருத்து. அக்கருத்தை உணர்ந்த ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார். உணராதவர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, "எல்லோரும் சொல்லுங்கள்" என்றார். ஒரே அட்டை; இரண்டு கல்வி. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகள் அமைந்தன. பெயர்கள் இனியவை, அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்னும் நம்பிக்கை அவற்றில் இருக்கின்றது. ஆனால், "இவன் அரும்பு" என்று ஆசிரியர் ஓராண்டு முழுவதும் ஒரே பிள்ளையைச் சுட்டுவாராயின், அரும்பென்பது எருமையின் மறுபெயராகிவிடும்.

இவ்வாறு திட்டங்கள் வந்தும் கருத்து மாறாமைக்குக் காரணம் யாது? டான் லார்ட்டி என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நல்லதொரு விடை கூறினார். மருத்துவம் பயில்பவன் கல்லூரிக்கு வருமுன் மருத்துவர் தொழிலை நாள்தோறும் அருகிருந்து கண்டவன் அல்லன். ஆசிரியராக வருபவரோ, பயிற்சிக்கு வருமுன்பே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மாணவராக அமர்ந்து ஆசிரியத் தொழிலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அவர் பார்த்தது ஆசிரியரின் குரல், கை, பிரம்பு ஆகியவற்றை. அவ்வாசிரியர் முதல்நாள் இரவு என்ன எண்ணினார், ஏன் ஒரு வினாவை விட்டு வேறொன்றைக் கேட்டார் என்பது மாணவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே வெளித்தோற்றமே கற்பித்தல் என்று மனத்தில் பதிந்துவிடுகின்றது. இரண்டாண்டுப் பயிற்சி அதனை எளிதில் அழிப்பதில்லை. நான் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொன்னேனே, அச்சொல் என்னுடையது அன்று. என் ஆசிரியருடைய சொல், என் ஆசிரியரின் குரலிலேயே என் வாயிலிருந்து வந்தது.

இவ்வளவும் கூறுவதனால், சொல்லிக்கொடுத்தல் தீது, மனப்பாடம் தீது என்று எவரும் கொள்ளலாகாது. 'ழ'கரத்தின் வடிவத்தை எந்தக் குழந்தையும் தானே கண்டுபிடிக்க இயலாது, சொல்லித்தான் தரவேண்டும். ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டித்தான் தரவேண்டும். 12இலிருந்து 7 போனால் 5 என்பது நாவில் நில்லாத பிள்ளை, கட்டை அவிழ்க்கத் தெரிந்தும் கணக்கின் நடுவே விரல்விட்டு எண்ணி இடறும். வாய்பாடு வேண்டும். நான் வற்புறுத்துவது இதுவே: எதைச் சொல்லித் தரவேண்டும், எதனைப் பிள்ளையே கண்டடைய விடவேண்டும், எப்போது வாய்மூடி இருக்கவேண்டும் என்று தேர்ந்தறிவதே தொழில். அத்தேர்வைச் செய்யாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுபவரும், எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துவிடுபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

இனி நோக்கத்தைப்பற்றிக் கூறவேண்டும். இங்கே என் தோல்வி ஒன்றைச் சொல்லாமல் நகர இயலவில்லை.

என்னிடம் பயின்றவர்களில் வாய்பாடு ஒப்பிப்பதில் முதல்வனாக இருந்தவன் ஒருவன். வட்டிக் கணக்கு எது கொடுத்தாலும் முழு மதிப்பெண் பெறுவான். அதிகாரிகள் வரும்போது அவனையே எழுப்பி நிறுத்துவேன். எட்டாம் வகுப்போடு நின்று, தந்தையின் காலியிலேயே நிலக்கடலைப் பயிரிட்டுவந்தான். பல ஆண்டுகளுக்குப்பின் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, நகைக்கடன் இரசீதை என்னிடம் நீட்டி, "சார், இதிலே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நான் கட்டினது எதுக்குப் போச்சு, பார்த்துச் சொல்லுங்க" என்றான். தாளில் எல்லாம் தெளிவாகவே அச்சிட்டிருந்தது, கணக்கிலும் தவறில்லை. நான் பள்ளியில் அவனுக்குப் போட்ட கணக்கே அது. ஆனால் பள்ளிக்கணக்கில் 'அசல் ரூ.1,000, வட்டி வீதம் 12' என்று நானே பிரித்துக் கொடுத்துவிடுவேன். அவன் பெருக்குவான், வகுப்பான். எது அசல், எது வட்டி என்று தேடும் வேலையை ஒருநாளும் அவனிடம் விட்டதில்லை. கழித்தலில் திட்டு வாங்கிய சிறுவனைப்பற்றி என் மனம் என்றோ ஆறுதல் கொண்டது. அவனிடம் திரும்பிச் செல்ல எனக்கு வாய்ப்பிருந்தது. என் வெற்றிகளின் வரிசையில் முதலாவதாக எழுதிவைத்திருந்த இவனை நினைக்கும்போதுதான் உறக்கம் கெடுகின்றது.

நோக்கம் தெளிவாக இருந்தால் கற்பித்தல் எவ்வாறு மாறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்றுண்டு. 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். கல்குவாரியில் உழைத்தோரும் வயல்வேலை செய்தோரும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஏறினர். எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று நகைத்தவர் உண்டு. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதும், பேருந்துக்குக் காத்திராமல் தானே போய்வருவதும் ஒரு பெண்ணின் வாழ்வில் ஒரே பொருளுடையன என்பதை அங்கே கற்பித்த தொண்டர்கள் கண்டுகொண்டனர். அத்தொண்டர்களில் பெரும்பாலோர் ஆசிரியப் பயிற்சி பெறாத இளைஞர்கள். இரவில் உழைத்துக் களைத்து வரும் முதியவரைத் திட்ட இயலாது. தேர்வைக் காட்டி அச்சுறுத்தவும் இயலாது. 'இது எனக்கு எதற்கு?' என்று கேட்டு எழுந்து போய்விடும் உரிமை அவர்க்கு இருந்தது. நம் வகுப்புக் குழந்தைகளுக்கு அவ்வுரிமை இல்லை. ஆதலின் அவ்வினாவுக்கு விடை கூறாமலே நாம் காலங்கழிக்கின்றோம்.

ஊராட்சித் தலைவர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் இக்கட்டுரையை ஆசிரியர்க்கு மட்டும் உரியதென்று ஒதுக்கவேண்டா. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றியபோது அவற்றின் பொறுப்பில் வந்தவை நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகள். இன்றும் பெயர்ப்பலகையில் அவ்வடையாளம் இருக்கின்றது. சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய், கழிப்பறை ஆகியவற்றைக் கேட்டுப்பெறுவது உங்கள் கடமை. அதனோடு, பள்ளிக்குச் செல்லும்போது "எத்தனை பாடம் முடிந்தது?" என்று கேட்பதை விட்டு, "இந்த வாரம் பிள்ளைகளுக்கு எது புரியாமற்போயிற்று?" என்று கேட்டுப்பாருங்கள். இவ்வினாவைக் கண்டு அஞ்சாமல் விடை கூறும் ஆசிரியர் உங்கள் ஊரில் இருப்பாராயின், அவர் மாறுதல் பெற்றுச் செல்லாதிருக்க வேண்டுவன செய்யுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை தந்து முடிக்கின்றேன். குறுவள மையக் கூட்டத்துக்குச் செல்லும்போது, ஒவ்வொருவரும் தம் மாணவர் எழுதிய தவறான விடை ஒன்றைத் தாளில் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டா. விடை மட்டும் போதும். 'இது ஏன் தவறு?' என்பதை எல்லோரும் அறிவர். 'இதனை எழுதிய பிள்ளைக்கு இது எப்படிச் சரியாகத் தோன்றிற்று?' என்பதை மட்டும் பேசுங்கள். தொடக்கத்துக்கு ஒன்று தருகின்றேன். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி 304இலிருந்து 128ஐக் கழித்து 86 என்று எழுதியிருக்கின்றாள். சரியான விடை 176 என்பது தெரிந்ததே. அவள் முறைப்படி கடன் வாங்கியிருக்கின்றாள்; ஒன்றன் இடத்தில் உள்ள 6 சரியாகவே இருக்கின்றது. நடுவிலுள்ள சுழியத்தண்டை வந்தபோது அவள் யாரிடம் சென்றாள், எத்தனைமுறை சென்றாள்? கண்டுபிடித்தபின், ஈர்க்குக் கட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இம்முறை பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூற்றுக்கட்டு மூன்றும் வேண்டும்.